தட்டு சுற்றும் வீடு

“அம்மா, உன் காலைப் பிடிச்சுக் கேக்கிறேன். இன்னைக்கு மட்டும் அந்தக் கூத்து வேண்டாம்.”

வாசலிலேயே மறித்துக்கொண்டான் மகன். அம்மா சாவகாசமாகச் செருப்பைக் கழற்றினாள். காலமெல்லாம் லாரி ஓட்டிய குரல், தணியத் தெரியாது.

“எந்தக் கூத்துடா?”

“மெதுவாம்மா! அதான், தட்டைச் சுத்தவிடுவியே.”

“உள்ளே போக விடுடா முதல்ல. பசிக்குது,” என்றார் பின்னால் நின்ற அப்பா.

அவனுக்கு மறுமணமாகி ஒரு மாதம்தான் ஆகிறது. அவனுக்கு ஒரு மகன். மனைவியோடு வந்தவள் எட்டு வயதுக் குட்டி. இன்னும் அவனை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சாப்பாட்டு மேஜையில் விருந்தாளி மாதிரி நாற்காலி நுனியில் உட்காருவாள். ‘போதும்’ என்பதைத் தவிர அவனிடம் வேறு பேச்சு கிடையாது. இந்த லட்சணத்தில் அம்மாவின் கிறுக்கையும் பார்த்தால்?

சின்ன வயதில் அவன் பட்டது போதாதா? அம்மா லாரியில் போவாள், அப்பா சமைப்பார். அதையாவது சகித்துக்கொள்ளலாம். அப்பா ஐந்து தட்டிலும் போட்டு வைத்ததும், அம்மா கண்ணை மூடிக்கொண்டு கரண்டியால் டம்ளரைத் தட்டுவாள். சத்தம் நிற்கும்வரை தட்டுகள் கைமாறிக்கொண்டே இருக்கும். நின்றதும் யார் முன்னால் எதுவோ, அவருக்கு அது. ஒருநாள் சாப்பிட வந்த வகுப்புத் தோழன் பள்ளிக்கூடம் முழுக்கத் தம்பட்டம் அடித்தான். அக்கா, அவன், தம்பி, மூன்று பேருக்கும் ஒரே பட்டம்: ‘கழண்ட கேஸ்’.

இன்று அவனே பரிமாறினான். இருந்ததிலேயே பெரிய கோழிக்கால் தன் மகனின் தட்டில் விழுந்தது. குட்டி அதைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டபோதுதான், தன் கை செய்த காரியம் அவனுக்கே உறைத்தது. சே, என்ன மனுஷன் நான்? இனி அதை எப்படி எடுத்து மாற்றுவது?

டிங்... டிங்... டிங்...

“தட்டைப் பக்கத்து ஆளுக்குத் தள்ளுங்க! வேகமா, சோம்பேறிகளா!”

மனைவி திகைத்தாள். பிறகு சிரித்துக்கொண்டே தள்ளினாள். சத்தம் நின்றபோது கோழிக்கால் அப்பாவின் முன்னால் இருந்தது.

“போயும் போயும் பல்லில்லாத ஆளுக்கா!” என்று அங்கலாய்த்தாள் அம்மா.

களுக்கென்று ஒரு சிரிப்பு. குட்டிதான்!

“இன்னொரு வாட்டி சுத்தலாம்!” என்றவள் அவன் பக்கம் திரும்பினாள். “நீங்கதான் ரொம்ப ஸ்லோ. சீக்கிரம் தள்ளுங்க.”

சாப்பிட்டு முடிந்ததும் அப்பா தட்டுகளைக் கழுவ, அவன் துடைத்தான்.

“எதுக்குப்பா இதை ஆரம்பிச்சீங்க?”

“எந்தத் தட்டு யாருக்குப் போகும்னு போடுறவனுக்குத் தெரியக் கூடாதாம். உங்கம்மா யோசனை. என் கை ஒரு பக்கமா சாயுதுன்னு சொன்னா.”

“மூணு பேரும் உங்க பிள்ளைங்கதானே? இதுல சாயறதுக்கு என்ன இருக்கு?”

அப்பா குழாயை மூடினார்.

“மூணுல ஒண்ணு நாங்க பெத்ததில்லடா. கைக்குழந்தையா தூக்கிட்டு வந்தோம்.”

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது.

“யாருப்பா அது? நானா?”

அப்பா அடுத்த தட்டை அவனிடம் நீட்டினார்.

“அதை நாங்க மறக்கணும்னுதானேடா, அத்தனை வருஷம் தட்டைச் சுத்துனோம்!”