காலி வண்டியின் எடை

"ஏங்கண்ணு, உங்கண்ணன் ஒருக்காக்கூட கண்ணுல படலியே?" என்று மெக்கானிக் கீர்த்திவாசன் கேட்டபோது, "அண்ணனுக்குக் கூச்சங்க" என்று சொல்லி வைத்தாள் ஷண்முகப்ரியா.

தேயிலை விலை விழுந்து தன் தொழிற்சாலையைப் பூட்டியதிலிருந்து படுத்தே கிடந்த அவள் அப்பா குமாரசாமி, எழுந்து நடமாடுவதே இந்த டர்போ காருக்காகத்தான். மகன் ஆதித்யா இதைக் கோவை கார் ரேஸில் ஓட்ட வேண்டுமாம். வேலை நின்றால் அப்பா மறுபடி படுத்துவிடுவார் என்று அவளுக்குப் பயம்.

பின்சீட்டு, ஏசி எல்லாவற்றையும் கழற்றிய காரை, தொழிற்சாலையின் லாரி எடைமேடையில் ஏற்றிவிட்டு இறங்கினார் கீர்த்திவாசன்.

"காலி வண்டி தொள்ளாயிரத்துப் பத்து கிலோங்க. டிரைவரோட சேர்த்தும் எடை பத்தலீன்னா ரேஸ்ல ஓட விடமாட்டாங்க. தம்பியக் கூப்புடுங்க."

குமாரசாமி டிரைவர் பக்கக் கதவைத் திறந்து, சற்று நின்று, மெதுவாகச் சாத்தினார்.

"பையன் உக்காந்துட்டானுங்க. இப்பப் பாருங்க."

"வெளையாடறீங்களா?" என்றார் கீர்த்திவாசன், காலிச் சீட்டைப் பார்த்து.

ஷண்முகப்ரியா கீர்த்திவாசனைத் தனியே இழுத்தாள். "அண்ணன் போன மழையில மண்சரிவுல போயிருச்சுங்க. அப்பா ஒத்துக்கவே மாட்டேங்கறாரு. எடை சரியா இருக்குதுன்னு ஒரு பொய் சொல்லிப்போடுங்க."

அவர் கண் கலங்கியது. தலையாட்டிவிட்டு, பார்ப்பதுபோல் எடைமேடையின் எண்பலகையைப் பார்த்தார்.

தொள்ளாயிரத்து எழுபத்து மூன்று.

சீட்டுக்கு அடியில் குனிந்து பார்த்தார். காருக்கு அடியிலும் பார்த்தார். ஒரு ஸ்பேனர்கூட இல்லை.

"சரியா இருக்குதுங்களா?" என்றார் குமாரசாமி.

கருவிப் பெட்டியைக்கூட எடுக்காமல், கீர்த்திவாசன் கேட்டைத் தாண்டிக் குன்னூர் ரோட்டில் இறங்கி நடந்தார்.