வரி போகப் பாதி

திருத்தணி மலைமேல் காலை வெயில் மண்டபத்துக்குள் சாய்ந்து, பித்தளை உண்டியலின் வாயில் பட்டு மின்னுகிறது. பொதட்டூர்பேட்டைத் தறிக்காரர் ஆதிகேசவன், மொட்டைத் தலையில் சந்தனம் காயாமல், மஞ்சள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்கிறார். லாட்டரியில் பரிசு விழுந்தால் பாதி முருகனுக்கு என்று வேண்டிக்கொண்டவர். விழுந்துவிட்டது. ஆனால் வருமான வரியைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைத்தான் கொடுத்திருக்கிறார்கள். "கைக்கு வந்ததுல பாதி போட்டா போதாதா, பாவா?" என்கிறாள் மனைவி பங்காரு. "நாம ஆந்திரா பக்கம் இருந்திருந்தா இந்த வரி இருந்திருக்காதில்ல?" "எந்தப் பக்கத்து ஆளா இருந்தாலும் டெல்லியில புடிச்சிக்கினுதான் குடுப்பாங்க." ஆதிகேசவன் சன்னதி விளக்கையே பார்க்கிறார். "வரி போகப் பாதின்னு நான் வேண்டிக்கலியே, பங்காரு." முழுப் பரிசில் பாதியைத் தனியாகக் கட்டியிருந்த தறிநூலை அவளே அவிழ்க்கிறாள். புது நோட்டுகள் ஒவ்வொன்றாக உள்ளே போகின்றன. பை வயிறு ஒட்டித் தொங்குகிறது. பின்னால் வந்தவர் போட்ட பத்துப் பைசா கணீரென்று விழுகிறது. பங்காரு உண்டியலில் காதை வைக்கிறாள். "நாம இவ்ளோ போட்டோம். சத்தமே கேக்கலியே, பாவா."