ஆயில் விழுகிற சத்தம்

“அதை நீங்க தொட வேண்டாம், மாப்பிள்ளை. நானே பாத்துக்கறேன்.”

டாக்டர் இப்படிச் சொன்னதும் அவர் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

சொன்னது யாரிடம்? லாரிப் பட்டறையில் டீசல் எஞ்சினை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து மாட்டுகிற மாப்பிள்ளையிடம். சொன்னவர் யார்? ஆயுசு முழுக்கப் பல் பிடுங்கிவிட்டு, ஓய்வு பெற்ற கையோடு ஒரு பழைய வீட்டு வண்டியை வாங்கி வாசலில் நிறுத்தியிருக்கிற பல் டாக்டர். கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ளேயே இருக்கிற, பஸ் நீளத்துக்கு ஒரு டீசல் வண்டி. நாளைக் காலையில் மகள், மாப்பிள்ளையோடு நாலு பேருமாக அதில்தான் ஊர் சுற்றக் கிளம்புகிறார்கள். அதற்குள் எஞ்சின் ஆயிலை மாற்றியாக வேண்டும்.

மகள் இந்தப் பையனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று வந்து நின்றபோது, “மெக்கானிக்கா?” என்ற ஒற்றைச் சொல்லோடு எழுந்து உள்ளே போனவர் டாக்டர். கல்யாணத்தை நடத்தி வைத்தாரே தவிர, மாப்பிள்ளையோடு மனம்விட்டு நாலு வார்த்தை பேசியதில்லை. அவர்கள் இங்கே வந்து தங்குவதே இதுதான் முதல் தடவை. இந்தப் பயணத்திலாவது ரெண்டு பேரும் ஒட்டிக்கொள்ள மாட்டார்களா என்று அம்மாக்காரி ஏங்கிக்கொண்டிருந்தாள். இந்த மனுஷனோ எடுத்த எடுப்பிலேயே மாப்பிள்ளையின் மூக்கை உடைக்கிறார்.

மாப்பிள்ளை பதமாகத்தான் சொல்லிப் பார்த்தார். எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டால் ஆயில் இளகி வரும், சீக்கிரமே முடித்துவிடலாம், மாமா எதற்குக் கையை அழுக்காக்கிக்கொள்ள வேண்டும் என்றார்.

அதெல்லாம் ஓடவிட்டாயிற்று என்றார் டாக்டர். போனில் வீடியோ பார்த்தே எல்லாம் கற்றுக்கொண்டாராம். சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தார். கிளினிக்கில் மிச்சமிருந்த கையுறையை மாட்டிக்கொண்டார். பல் பார்க்கிற விளக்கை நெற்றியில் கட்டிக்கொண்டார். எஞ்சினை வாயைத் திறக்கச் சொல்லாததுதான் பாக்கி.

“உங்களுக்கு வேற வேலை இருக்கு மாப்பிள்ளை. இந்த வண்டில எஞ்சின் பின்னாடி, கட்டிலுக்கு நேர் கீழ இருக்கு. நீங்க அந்தக் கட்டில்ல படுத்துக்கங்க. தகரத் தொட்டில ஆயில் விழற சத்தம் கேக்கும். அது சுத்தமா நின்னதும் எழுந்து வந்து சொல்லுங்க.”

மாப்பிள்ளைக்கு இது விளங்கவில்லை. ஆயில் நின்றதா இல்லையா என்பது கீழே படுத்திருக்கிறவர் கண்ணுக்கே தெரியும். அதற்கு மேலே ஒரு ஆள் எதற்கு? ஆனாலும் பெரியவர் பேச்சைத் தட்டவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்ப் படுத்தார்.

சமையலறையில் மகள் பொரிந்து தள்ளினாள். அப்பா வேண்டுமென்றே அவமானப்படுத்துகிறார், ராத்திரி பகலாக எஞ்சினோடு மல்லுக்கட்டுகிற மனுஷனைப் போய்ச் சத்தம் கேட்கச் சொல்கிறார், பட்டறைக்காரன் என்றால் அவ்வளவு இளக்காரமா என்றாள்.

“நாளைக்கு நாங்க வரலைம்மா. இனிமே இந்த வீட்டுக்கே வர மாட்டோம்.”

சொன்னதோடு நிற்கவில்லை. பெட்டியை எடுத்து வைத்துத் துணியை அடுக்க ஆரம்பித்தாள். அம்மா கெஞ்சிப் பார்த்தாள், அதட்டிப் பார்த்தாள், ஒன்றும் எடுபடவில்லை. பெட்டி பாதி நிறைந்ததும், இன்றைக்கு அவரை ரெண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று அம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

வண்டிக்கு அடியில் இன்னமும் ஆயில் விழுகிற சத்தம் கேட்டது. இத்தனை நேரமாகவா என்று குனிந்து பார்த்தாள்.

டாக்டருக்கு முழங்கை வரை கருப்பு. புது ஃபில்டர் பளபளவென்று மாட்டியிருந்தது. ஆயிலை வடிக்கிற போல்ட்டையும் திரும்ப முடுக்கியாயிற்று. ஆனால் மனுஷர் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு, தொட்டியில் கிடந்த பழைய ஆயிலை ஒரு குவளையில் மொண்டு, மெல்லிசாகத் திரும்பத் தொட்டியிலேயே ஊற்றிக்கொண்டிருந்தார். ஊற்றி முடித்ததும் மறுபடி மொண்டார்.

“என்னங்க கூத்து இது? வேலைதான் முடிஞ்சு போச்சே. அங்க உங்க பொண்ணு பெட்டி கட்டிட்டு இருக்கா.”

டாக்டர் உதட்டில் விரலை வைத்தார். உதடும் கருப்பாயிற்று. கண்ணால் மேலே காட்டினார். கட்டில் பக்கத்திலிருந்து சீராகக் குறட்டைச் சத்தம் வந்துகொண்டிருந்தது.

“நேத்து ராத்திரி கவனிச்சியா?” என்றார் கிசுகிசுப்பாக. “கை சோத்துல இருக்கு, தலை தொங்கிப் போச்சு. போய்ப் படுங்கன்னு எத்தனை தடவை சொன்னேன். பரவாயில்ல மாமான்னு எழுந்து போய் நம்ம வீட்டுக் குழாயைச் சரி பண்றாரு. சும்மா படுன்னா படுக்கத் தெரியாத புள்ளைடி. அதான் படுக்கறதையே ஒரு வேலையா குடுத்தேன்.”

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. இந்த மனுஷனைப் போய் என்னவெல்லாம் நினைத்துவிட்டோம் என்றிருந்தது. முதல் காரியமாக மகளின் பெட்டியைப் பிரிக்க வேண்டும்.

“சரி, அவர் தூங்கட்டும். கை வலிக்கப் போகுது, நீங்க வெளிய வாங்க.”

டாக்டர் குவளையை மறுபடி தொட்டியில் முக்கினார்.

“எப்படி வரது? சத்தம் நின்னா மாப்பிள்ளை எழுந்துடுவாரே.”