கொக்கி இருக்கிற ரூம்

தேர்வாய் கண்டிகை கம்பெனியில் எனக்கு மூன்று நாள் லீவு கிடைத்ததும் ஏலகிரிக்குப் போகலாம் என்று முடிவு செய்தோம். மகளுக்கு ஏழு மாதம். புடவைத் தொட்டிலில் போட்டால்தான் தூங்குவாள். அதனால் நான் லாட்ஜ் லாட்ஜாக போன் போட்டு, ஏசி இருக்கா என்று கேட்காமல், சீலிங்கில் தொட்டில் கட்ட கொக்கி இருக்கா என்று கேட்டேன். பல பேர் சிரித்தார்கள். ஒருவர் மட்டும் "இருக்கு சார்" என்று சொல்லி போட்டோ அனுப்பினார்.

படத்தில் கொக்கியில் ஏற்கெனவே தொட்டில் கட்டியிருந்தது. நீலப் புடவை. ஓரத்தில் அயர்ன்பாக்ஸ் சுட்ட முக்கோணக் கறை.

"இன்னாங்க இது, என் புடவை" என்றாள் என் மனைவி கிறிஸ்டினா.

அந்தப் புடவை எங்கள் ஹாலில் தொங்கிக்கொண்டிருந்தது. மகள் அதில்தான் தூங்கிக்கொண்டிருந்தாள்.

வேறு லாட்ஜில் கேட்டேன். அவர்கள் அனுப்பிய படத்திலும் அதே புடவை, அதே கறை.

"எங்கியும் போவ வாணாம். ஊட்லயே இருக்கலாம்" என்றாள். ரூம் வேண்டாம் என்று இரண்டு இடத்துக்கும் மெசேஜ் போட்டேன்.

முதல் லாட்ஜிலிருந்து உடனே இன்னொரு போட்டோ வந்தது. இப்போது தொட்டில் கனத்துத் தாழ்ந்திருந்தது. காலையில் நான் மகளுக்கு மாட்டிவிட்ட பச்சை சாக்ஸோடு ஒரு சின்னக் கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கீழே எழுதியிருந்தார்: "பாப்பா இன்னும் எழுந்துக்கல சார். நீங்க மெதுவா வாங்க."

நாங்கள் ஹாலைப் பார்த்தோம். ஃபேன் காற்றில் எங்கள் தொட்டில் கனமில்லாமல் பறந்துகொண்டிருந்தது.