பெஞ்சை உடைத்த பாட்டு

அம்மாவின் கையை இறுகப் பிடித்தபடி மாடிப்படி ஏறினார் மூக்குக்கண்ணாடிக்கடைக்காரர். "மெதுவா... மெதுவா" என்று ஒவ்வொரு படிக்கும் ஒரு குரல் கேட்டது. மேலே வந்ததும் இருவரும் கதவருகே கிடந்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள்.

"துணைக்கு வாடா" என்று அம்மா பல நாளாக நச்சரித்துக்கொண்டிருந்தார். கடையை மனைவியிடம் விட்டுவிட்டு வர இன்றைக்குச் சாயங்காலம்தான் முடிந்தது. கதவில் 'மூத்தோர் உடற்பயிற்சி வகுப்பு' என்று பெரிய பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. எழுத்தின் அளவை மட்டும் அவர் தொழில்முறையில் பாராட்டினார்.

நாற்பதைத் தாண்டியவர்கள் கடைக்கு வந்து, "இப்பல்லாம் பேப்பர்ல எழுத்தைச் சின்னதாக்கிட்டாங்க" என்று சொல்லும்போது சிரிக்காமல் தலையாட்டுவதுதான் அவர் பிழைப்பு. தன் வயசைப் பற்றி அவருக்கு அப்படி எந்தக் குழப்பமும் இல்லை. அறுபதுக்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது, தலைக்கு மை இருக்கிறது.

கூடத்துக்குள் நரைத்த தலைக்காரர்கள் வட்டமாக உட்கார்ந்து, வலது முழங்காலைத் தூக்கி இறக்கினார்கள், இடது முழங்காலைத் தூக்கி இறக்கினார்கள். மூலையிலிருந்த ஸ்பீக்கரில் அடுத்த பாட்டு ஆரம்பித்தது. முதல் டிரம் அடியிலேயே அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அது அவருடைய பாட்டு. கல்லூரி ஆண்டு விழாவில் அந்தப் பாட்டுக்குப் பெஞ்சின் மேல் ஏறி ஆடி, பெஞ்சு உடைந்து, முதல்வர் அறை வாசலில் நாள் கணக்கில் நின்றிருக்கிறார். அதற்குத்தான் இப்போது ஒரு கூட்டமே உட்கார்ந்த இடத்தில் கணுக்காலைச் சுழற்றிக்கொண்டிருந்தது. அவருக்குச் சுருக்கென்றது.

பயிற்சி கொடுக்கும் பெண் சிரித்த முகமாக வந்தாள். அவருடைய மகள் வயசுதான் இருக்கும்.

"ஏம்மா, இங்க பழைய பாட்டுதானே போடணும்?"

"பழைய பாட்டுதானே சார் ஓடுது."

"இதுவா பழசு? இது நேத்து வந்த பாட்டும்மா!"

"அப்படியா சார்? நான் பொறக்கறதுக்கு முன்னாடி வந்ததுன்னுல்ல நினைச்சேன்."

அவள் கேலி செய்யவில்லை, நிஜமாகவே யோசித்தாள். அதுதான் அவருக்கு இன்னும் வலித்தது. "சரி, ஏன் இப்படி இழுக்குது? ஸ்பீக்கர் கெட்டுப்போச்சா?"

"நான்தான் சார் வேகத்தைக் குறைச்சுப் போட்டிருக்கேன். அந்த வேகத்துக்குக் காலைத் தூக்கினா சுளுக்கிக்கும்."

"இந்த வேகத்துல போட்டா இது பாட்டா? தாலாட்டு!"

வட்டத்திலிருந்த வழுக்கைத் தலைக்காரர் ஒருவர் காலைத் தூக்கியபடியே திரும்பினார். "எங்க காலத்துப் பாட்டைக் குறை சொல்ல நீங்க யாரு?"

அது உங்க காலமில்லை, என் காலம் என்று கண்ணாடிக்கடைக்காரருக்கு வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் கணக்கு எங்கே போய் நிற்கும் என்று புரிந்ததும் வாயை மூடிக்கொண்டார்.

"கோவிச்சுக்காதீங்க சார், முதல் நாள் எல்லாருமே சத்தம் போடுவாங்க" என்றாள் அந்தப் பெண். "புதுசா யார் சேர்ந்தாலும், அவங்க பதினெட்டு வயசுல உயிரா இருந்த பாட்டு எதுன்னு முன்கூட்டியே கேட்டு வச்சுக்குவேன். அதைப் போட்டா கால் தானா எழும்பும். உங்க அம்மாகிட்ட போன்ல கேட்டேன். இந்தப் பாட்டைத்தான் சொன்னாங்க."

"எங்கம்மாவா? இந்தப் பாட்டு வந்தா எங்க வீட்டுல ரேடியோவையே அணைச்சுடுவாங்க! வயசாயிடுச்சுல்ல, எல்லாம் குழம்பிப் போச்சு."

அம்மா கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினார்.

"அவங்க காலத்துப் பாட்டைப் போடுங்க. இல்லேன்னா நாங்க கிளம்பறோம்."

அவள் வட்டத்தைக் காட்டினாள். ஒரே ஒரு நாற்காலி காலியாக இருந்தது. "அது ஒண்ணுதான் சார் மிச்சம். அதுக்கும் ஆள் காத்துக்கிட்டிருக்காங்க. நீங்க வேண்டாம்னா அவங்களை வரச்சொல்லிடறேன்."

அவர் அம்மாவைப் பார்த்தார். கொஞ்ச நாளாக வீட்டில் அம்மாவுக்கு இதே பேச்சுதான். உட்கார்ந்தே கிடந்தால் முழங்கால் மடங்காமல் போய்விடும் என்று சாப்பிடும்போதுகூடச் சொல்லிக்கொண்டிருந்தார். எண்பது வயசில் ஒருத்தி ஆசையாகக் கேட்டதைத் தன் ரோஷத்துக்காகக் கெடுப்பதா என்று அவருக்கு வெட்கமாகிவிட்டது. பாட்டு போனால் போகட்டும், அம்மா நடமாட வேண்டும்.

"சரிம்மா" என்றார் மெதுவாக. "பழைய பாட்டுதான். ரொம்பப் பழசு. ஒத்துக்கறேன். அந்த இடத்தை மட்டும் வேற யாருக்கும் கொடுத்துடாதீங்க."

இத்தனை வருடமாக மை பூசிக் காப்பாற்றியதை இரண்டு வார்த்தையில் விட்டுக்கொடுத்தாயிற்று. வழுக்கைத் தலைக்காரர் திருப்தியாகக் காலை இறக்கிக்கொண்டார்.

காலி நாற்காலியைக் கைக்குட்டையால் ஒருமுறை துடைத்தார் கண்ணாடிக்கடைக்காரர். ஆடுகிறதா என்று அழுத்திப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்துக் கையை நீட்டினார்.

"வாம்மா, வந்து உட்காரு."

அம்மா இருந்த இடத்தை விட்டு அசையவில்லை.

"நான் காலை வகுப்புல சேர்ந்தாச்சுடா. நீ உட்காரு."