ஃபேன் இல்லாத லேப்டாப்

பீளமேட்டில் ஒரு லேப்டாப் கடையில் மத்தியான நேரத்தில் கரண்ட் போயிருக்கிறது. ஏசியும் அடங்கிவிட்டது; வெளியே போகும் பஸ்களின் சத்தம்கூடக் கதவுக்கு அப்பாலேயே நின்றுவிடுகிறது. மேசைமேல் இரண்டு மெல்லிய லேப்டாப்கள் பேட்டரியில் ஒளிர்கின்றன. அந்த நீல வெளிச்சம், லேப்டாப் வாங்க வந்திருக்கும் பொற்கொடியின் தாடையில் ஏறி, கண்ணுக்கு எட்டாமல் நிற்கிறது.

"இந்த ப்ராசசர் நல்ல வேகமுங்க. ஆனா சூடாகும், உள்ள ஃபேன் ஓடும்," என்கிறான் விற்பனையாளன் தமிழ்வேந்தன். "அது கொஞ்சம் மெதுவுங்க. கரண்டு கம்மியா எடுக்கும், சூடே ஆகாது. அதனால ஃபேனே வெக்கலைங்க."

"சத்தமே வராதுங்களா?"

"வராதுங்க."

மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்த அவள் விரல்கள் தளர்கின்றன. "அப்ப அதையே குடுங்க. எங்க ஊட்டுக்காரரு தவறுனதுல இருந்து அவரு லேப்டாப்பு மூடியேதான் கெடக்குது. பேட்டரியக்கூடக் கழட்டிப்போட்டேன். அப்பவும் உள்ள ஃபேன் ஓடுதுங்க."

சிரிக்கப் போன தமிழ்வேந்தன் நிறுத்திக்கொள்கிறான். மேசைமேல் ஏதோ மெல்ல இரையத் தொடங்குகிறது. வேகமான லேப்டாப்பை அணைக்கிறான். இரைச்சல் அடங்கவில்லை. மற்றதன் பக்கம் குனிந்து காது கொடுக்கிறான். வெதுவெதுப்பான காற்றில் அவன் காதோர முடி அசைகிறது.

"இதுல ஃபேனே இல்லைங்களே," என்கிறான், குரல் தாழ்ந்து.

பொற்கொடி அந்தத் திரையை மெதுவாக மூடி, அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொள்கிறாள்.

"அன்னிக்குக் கெளம்பறப்ப, வாரேன்னு சொல்லிப்போட்டுத்தானுங்க போனாரு."