மூச்சுக் கணக்கு

“உள்ள யாரோ மூச்சு விடுறாங்க மேடம்.”

இன்ஜினியர் இதைச் சொன்னதும் லைப்ரரியம்மா தோள் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வாசிப்பு அறைச் சுவரில் தாமே மாட்டிவிட்டுப் போயிருந்த சின்னக் கருவியை அவர் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

அறையில் அவர்கள் இருவரைத் தவிர ஆள் இல்லை. புத்தகங்கள் பெட்டிகளில் அடைந்து கிடந்தன, அலமாரிகள் மேல் தார்ப்பாய் போர்த்தியிருந்தது. பழைய கிராம நூலகத்தைப் பசுமைக் கட்டிடமாக மாற்றும் வேலை ஏறக்குறைய முடிந்து, காற்றுச் சோதனையும் பரணின் வாயை அடைப்பதும் மட்டும் பாக்கி இருந்தன. பழைய இன்ஜினியருக்குப் பதிலாக இவர் வந்து நாலு நாள்தான் ஆகிறது, இந்த வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாராம்.

சோதனை ஒன்றும் பிரமாதமில்லை. கதவு, ஜன்னல், சந்து பொந்து எல்லாவற்றையும் அடைத்து, சனியும் ஞாயிறும் யாரும் நுழையாமல் பூட்டி வைக்க வேண்டும். மனிதர் மூச்சு விட்டால் கருவியில் எண் ஏறும், ஆள் இல்லாத கட்டிடத்தில் அது ஏற வழியில்லை.

“நானூறு பக்கம் நிக்கணும். ஆயிரத்தைத் தாண்டிடுச்சு” என்றார் இன்ஜினியர் கிசுகிசுப்பாக. இன்று திங்கள், காலையில் உள்ளே வந்ததிலிருந்து அவர் பேச்சே அப்படித்தான் இருந்தது.

“நூலகம்னா இவ்வளவு மரியாதையா சார்? படிக்கத்தான் ஆள் இல்லையே, சத்தமாவே பேசுங்க.” சிரித்து மழுப்பப் பார்த்தாள் லைப்ரரியம்மா. சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

“சாவி யார்கிட்ட இருக்கு?”

“என்கிட்ட மட்டும்தான்.”

“நடுவுல வந்தீங்களா?”

“நான் எதுக்கு சார் வரப்போறேன்? எலியா இருக்கும். இல்லைன்னா வௌவால்.”

“இந்த அளவுக்கு ஏறணும்னா எலிங்க மாநாடு போட்டிருக்கணும்.”

அவள் கருவியிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நாளைக் காலை வரை யாரும் பரணை எட்டிப் பார்க்காமல் இருந்தால் போதும், அதற்கப்புறம் இந்தக் கட்டிடத்துக்குச் சான்றிதழ் கிடைத்தால் என்ன, கிடைக்காவிட்டால் என்ன. ஆனால் கருவி என்று ஒன்று இப்படிக் கோள்மூட்டும் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை. சொன்னால் சொன்னபடி செய்கிற சுபாவம் வேறு, ஜன்னல் இடுக்கெல்லாம் தானே உட்கார்ந்து நாடா ஒட்டியிருந்தாள். ஒரே ஒரு ஜன்னலைத் திறந்து வைத்திருந்தால்கூட அந்த எண் இவ்வளவு ஏறியிருக்காது.

இன்ஜினியரின் பார்வை அவள் தோளில் தொங்கிய பைக்குப் போனது. கட்டுப் போடும் துணியும் வலி மாத்திரையும் வெளியே எட்டிப் பார்த்தன.

“யாருக்கு அடி?”

“எனக்குத்தான். முட்டி வலி.”

“முட்டி வலிக்கு யாராவது கட்டுத் துணி வாங்குவாங்களா?”

அவள் துணியைப் பைக்குள் அழுத்தினாள். அவர் நிமிர்ந்து, கூரைப் பலகையின் மூலையில் இருந்த சதுர மூடியைப் பார்த்தார். அதற்கு மேலேதான் ஓட்டுக்கு அடியில் பரண்.

“மத்தியானம் ஆளுங்க வராங்க. அந்த மூடியை ஆணி அடிச்சு, சுத்தி வர பூசிடுவாங்க. வெயில் சூடு கீழ இறங்காது, காத்தும் உள்ள போகாது.”

“நாளைக்கு வெச்சுக்கலாமே சார்.”

“ஏன்?”

“சும்மாதான்.”

“உச்சி வெயில்ல ஓடு கொதிக்கும். உள்ள யாராவது மாட்டினா கதி என்னன்னு நீங்களே சொல்லுங்க.” குரலை உயர்த்தாமலே பக்கத்தில் வந்தார். “யாரை மேடம் அடைச்சு வெச்சிருக்கீங்க?”

லைப்ரரியம்மா பையை இறக்கி வைத்தாள். பெட்டி ஒன்றின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“அடைச்சு வெக்கல சார். ஒளிச்சு வெச்சிருக்கேன்.”

“யாரை?”

“ஒரு பொண்ணையும் அவ குழந்தையையும். போன வாரம் பஸ்ல வந்து இறங்கி, போக இடமில்லாம இங்க வாசல்ல நின்னா. கை உடைஞ்சிருந்துச்சு. புருஷன் பண்ண வேலை. நாலு பேர் வந்து போற என் வீட்ல அவளை வெச்சுக்க முடியல. நாளைக்குக் காலைல என் தம்பி வண்டியோட வரான், தூரமா கொண்டுபோய் விட்டுடுவான். புருஷன் தேடிக் கண்டுபிடிச்சா கொன்னுடுவான்னு நடுங்குறா சார்.”

சொல்லி முடித்ததும் அழுகை வந்துவிட்டது அவளுக்கு. இன்ஜினியர் மறுபடியும் கூரை மூடியைப் பார்த்தார்.

“இவ்வளவுதானா? இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே” என்றார். “வெந்து போயிடப் போறாங்க, இறக்கிடலாம். ஏணி எங்க இருக்கு?”

நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது லைப்ரரியம்மாவுக்கு. பின்கட்டிலிருந்து ஏணியைத் தானே இழுத்து வந்து சாத்தினாள், ஆடாமல் இருக்க இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“மெதுவா கூப்பிடுங்க சார். புது ஆளைப் பாத்தா குழந்தை பயந்துடும்.”

அவர் தலையாட்டிவிட்டு ஏறினார். மூடியைத் தள்ளி, தலையை இருட்டுக்குள் நுழைத்துக் கூப்பிட்டார்.

“பாப்பா, அப்பா வந்திருக்கேன், அம்மாவை எழுப்பு.”